கீரிமலைக் காற்றுக்கு ஒரு மதர்போட்

வீட்டிலேயே கேமிங் பெட்டி பூட்டி விளையாடுகிற பிள்ளையளுக்கு இதை எழுதுகிறேன். போட் போய்விட்டது என்றதும் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "எந்த மதர்போட் நல்லது?" அதற்கு யூரியூப்பில் ஆயிரம் பதில் கிடக்கிறது. ஆனால் அந்தப் பதில்களைச் சொல்கிறவர்களின் வீட்டு ஜன்னலுக்குக் கூப்பிடு தூரத்தில் கடல் இல்லை. போட் பிழைத்தால் அடுத்த தெருக் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்கிற ஆட்கள் அவர்கள். கடலோரக் கீரிமலையில் இருப்பவர் முதலில் கேட்க வேண்டியது வேறு: என்னிடம் இருக்கிற ப்ரொசெசருக்கு எது பொருந்தும், அது பிழைத்தால் யார் திருப்பி எடுப்பார், இந்தக் காற்றிலும் இந்தக் கரண்டிலும் எது நிற்கும்? வேகம் அதற்குப் பிறகு.

1. போட் உண்மையில் செத்துவிட்டதா என்று பாருங்கோ.

"போட் போயிட்டுது அங்கிள்" என்று தூக்கிக்கொண்டு வருகிற பெட்டிகளில் நல்ல பங்கு பவர் சப்ளைப் பழுதாகவோ றாமின் கால்களில் பிடித்த களிம்பாகவோ இருக்கும். போட்டுக்குக் காசு தேடுமுன் ஒரு பின்னேரத்தை இதற்கு ஒதுக்குங்கோ. வயரைக் கழற்றுங்கோ. கிராபிக்ஸ் கார்ட், டிஸ்க் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரேயொரு றாமை மட்டும் விட்டுப் பாருங்கோ. அதையும் ஒவ்வொரு துளையாக மாற்றிப் பாருங்கோ. போட்டில் இருக்கிற காசு வடிவ பற்றரியை, அதுதான் சிஆர்2032, கழற்றி ஐந்து நிமிடம் விட்டுத் திரும்பப் போட்டால் பயோஸ் பழைய நிலைக்குப் போகும். அதிலேயே உயிர் வந்த பெட்டிகள் உண்டு. அண்மைக்காலப் போட்டுகள் பலவற்றில் ஓரத்தில் நாலு சின்ன லைற் இருக்கும். ப்ரொசெசர், மெமரி, கிராபிக்ஸ், டிஸ்க் என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கும்போது எதில் நின்றுவிடுகிறதோ அங்கேதான் கோளாறைத் தேட வேண்டும்.

கிராபிக்ஸ் கார்ட்டைக் கழற்றிச் சோதிக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உங்கள் இன்டெல் ப்ரொசெசரின் பெயர் 'எஃப்' என்று முடிந்தால், உதாரணமாக ஐ5-12400எஃப், அதற்குள் படம் காட்டும் பகுதியே கிடையாது. போட்டில் இருக்கிற எச்டிஎம்ஐ துவாரத்தில் எவ்வளவு நேரம் பார்த்தாலும் கறுப்புத்தான். ரைசன் 5600 போன்றவையும் அப்படியே.

பவர் சப்ளைக்குச் சினேகிதனின் பெட்டியில் இருந்து ஒன்றைக் கடன் வாங்கிப் பாருங்கோ. 24 கால் வயரில் பச்சையையும் கறுப்பையும் கம்பியால் தொடுத்து விசிறி சுற்றுகிறதா என்று பார்க்கும் வித்தை எல்லாருக்கும் தெரியும். அது சப்ளை முழுதாகச் சாகவில்லை என்பதை மட்டும் சொல்லும். பாரம் ஏறும்போது தாங்குமா என்பதைச் சொல்லாது. பழுதான சப்ளையைக் கழற்றாமல் புதுப் போட்டைப் பூட்டினால் புதுசும் அதே வழியில் போகும்.

விளையாடும்போது மட்டும் பெட்டி விழுகிறது, மற்றும்படி ஓன் ஆகிறது என்றால் போட்டைச் சந்தேகிக்குமுன் ப்ரொசெசர் எது என்று பாருங்கோ. இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறைப் பெரிய ப்ரொசெசர்களில் மின்னழுத்தச் சிக்கல் இருப்பதை 2024இல் அந்தக் கொம்பனியே ஒத்துக்கொண்டு, புதிய பயோஸ் திருத்தம் விட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் நீட்டியது. அப்படிக் கெட்டுப்போன ப்ரொசெசரை எந்தப் போட்டில் போட்டாலும் விழும்.

போட்தான் செத்தது என்பதற்கு அடையாளம் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியும்: மேல்மூடி வீங்கிய கப்பாசிற்றர், கருகின புள்ளி, எரிந்த வாசம், ப்ரொசெசருக்குப் பக்கத்தில் பச்சை பூத்த செம்பு. இடிமின்னலுக்குப் பிறகு இன்டர்நெற் வயர் போடும் துவாரம் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் போட்டை மாற்றவே வேண்டாம். யூஎஸ்பியில் சொருகுகிற ஒரு சின்ன லேன் அடப்டர் போதும். சைக்கிள் டைனமோவை மிதித்து ரேடியோ கேட்ட தலைமுறை நாங்கள். வேலை செய்கிற எதையும் தூக்கி எறிய எங்களுக்குக் கை வராது. உங்களுக்கும் வரக் கூடாது என்பது என் விருப்பம்.

2. ப்ரொசெசர்தான் போட்டைத் தெரிவு செய்யும், நீங்கள் இல்லை.

பெட்டியில் மிகக் குறைவாகச் சாகிற பொருள் ப்ரொசெசர். ஆகவே பெரும்பாலும் அது உங்கள் கையில் உயிரோடு இருக்கும். அதன் பெயரையும் நம்பரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கோ. "ஐ5" என்று மட்டும் சொல்லிக் கடைக்குப் போவதில் பயனில்லை. 2011இல் வந்த ஐ5உம் 2023இல் வந்த ஐ5உம் பெயரில்தான் சொந்தம்.

இன்டெல்காரர் சொக்கெட்டை அடிக்கடி மாற்றுவார்கள். 4ஆம் தலைமுறைக்கு 1150, 6 முதல் 9 வரை 1151, 10க்கும் 11க்கும் 1200, 12 முதல் 14 வரை 1700. இதில் 1151தான் பெரிய பொறி. சொக்கெட் ஒன்று, ப்ரொசெசர் அழகாக உட்காரும், ஆனால் 6, 7ஆம் தலைமுறைக்கு 100, 200 வரிசைப் போட்டுகள், 8, 9க்கு 300 வரிசைப் போட்டுகள். மாறிப் போட்டால் பெட்டி வாயே திறக்காது. 1200இலும் இதே சேட்டை உண்டு: எச்410, பி460 போட்டுகள் 11ஆம் தலைமுறையை ஏற்காது, எச்510 போன்றதற்குப் போக வேண்டும்.

ஏஎம்டிக்காரர் இந்த விஷயத்தில் நல்லவர்கள். 2017இல் ரைசன் வந்தபோது இருந்த ஏஎம்4 சொக்கெட்டிலேயே 5000 வரிசை வரைக்கும் ஓட்டினார்கள். 2022இல்தான் ஏஎம்5 வந்தது. ஆனால் சொக்கெட் ஒன்றாக இருந்தாலும் போட்டுக்குள் இருக்கிற பயோஸ் பழசாக இருந்தால் புது ப்ரொசெசரை அதற்குத் தெரியாது. 2018இல் வந்த பி450 போட் கடைத் தட்டில் கிடந்து, அதில் 2020 கடைசியில் வந்த ரைசன் 5600எக்ஸைப் போட்டால் இருட்டுத்தான். அப்டேற் பண்ண இன்னொரு பழைய ப்ரொசெசர் வேண்டும். ப்ரொசெசர் இல்லாமலே யூஎஸ்பி பென்னில் இருந்து பயோஸ் ஏற்றுகிற பொத்தான் சில போட்டுகளின் பின்பக்கம் இருக்கும். இரண்டு போட்டுகளுக்கு இடையில் மனம் ஊசலாடினால் அந்தப் பொத்தான் உள்ளதை எடுங்கோ. இல்லாவிட்டால், பார்சல் கட்டுமுன்னே கடைக்காரரையே பயோஸ் அப்டேற் பண்ணித் தரச் சொல்லுங்கோ. இன்டெல் 600 வரிசைப் போட்டில் 13, 14ஆம் தலைமுறை போடுகிறவர்களுக்கும் இதே பேச்சு.

ப்ரொசெசர் 7ஆம் தலைமுறை இன்டெலோ அதற்கு முந்தியதோ என்றால் எனக்கு வேறு அபிப்பிராயம். அதற்கு நல்ல கொம்பனிப் புதுப் போட் தேடி அலைவதில் அர்த்தமில்லை. போட், ப்ரொசெசர் இரண்டையும், றாம் டிடிஆர்3 என்றால் அதையும், பாவித்த ஏஎம்4 சோடியாக மாற்றுவது காசுக்கு நல்லது. பி450, பி550, ஏ520 போட்டுகளும் ரைசன் 5600 மாதிரி ப்ரொசெசர்களும் சந்தையில் நிறையப் புழங்குகின்றன. இன்றைக்கும் பெரும்பாலான விளையாட்டுகளுக்கு அது தாராளம்.

3. றாமை இழக்காதேங்கோ.

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றுக்கும் நடுவெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். ஒன்று மற்றதில் போகாது. 1700 சொக்கெட் போட்டுகள் இரண்டு விதமாக வருகின்றன, சிலது டிடிஆர்4, சிலது டிடிஆர்5. பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், கடைசியில் 'டி4' என்று ஒரு ஒட்டு மட்டும் இருக்கும் அல்லது இருக்காது. பில் போடுமுன் பெட்டியில் அதை வாசியுங்கோ. ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டும்தான்.

முந்தி நான் "டிடிஆர்5க்குப் போங்கோ, நாளைக்கு உதவும்" என்று சொல்லியிருப்பேன். 2025 கடைசியில் ஏஐ தரவு மையங்கள் மெமரியை அள்ளத் தொடங்கி விலை ஏறின பிறகு அதைச் சொல்ல வாய் வரவில்லை. கையில் 16 ஜிபி டிடிஆர்4 இருந்தால் அதுவே சொத்து. அதை ஏற்கிற போட்டை எடுங்கோ.

4. எங்கே வாங்குவது என்பது எதை வாங்குவது என்பதைவிடப் பெரிது.

மதர்போட் எளிதில் சிக்கல் தருகிற பொருள். பூட்டின அன்றைக்கே ஒரு றாம் துளை வேலை செய்யாமல் இருக்கலாம், ஒரு கிழமையில் சத்தம் வராமல் போகலாம். அப்போது அதைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடிய இடம் வேண்டும். அதனால் என் முதல் தெரிவு யாழ்ப்பாணம் டவுன். சில ஆயிரம் ரூபாய் கூடத்தான் கேட்பார்கள். கேட்கட்டும். பஸ்ஸில் போய்க் கொடுத்துவிட்டு வரலாம் என்கிற வசதியின் விலை அது.

அடுத்தது கொழும்பு. பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில் தெரிவும் கூட, விலையும் குறையலாம். ஆனால் உத்தரவாதத்துக்கு அனுப்பினால் போக்குவரத்துச் செலவு யாருடையது, எத்தனை நாள் பிடிக்கும், திருத்தித் தருவார்களா மாற்றித் தருவார்களா என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கோ. பழுதான போட்டுக்குப் பதிலாக அதே போட் அவர்களிடம் இல்லாமல் போனால் என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கோ. வாயால் சொன்னது நானூறு கிலோமீற்றர் தாண்டி வராது.

சென்னை ரிச்சி தெருக் கணினிக் கடைகளைப் பற்றி இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். 2019இல் பலாலியில் இருந்து சென்னைக்கு விமானம் தொடங்கியது. 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையில் கப்பல் விட்டார்கள். இரண்டும் இடையிடையே நின்று நின்று ஓடினாலும், கீரிமலைக்காரருக்குக் கொழும்பைவிட நாகபட்டினம் கிட்ட என்று பகிடி விடுகிற அளவுக்கு வந்துவிட்டது. சென்னைக்குப் போய் வருகிறவர் மூலம் எடுப்பிக்கலாம்தான். ஆனால் பெரும்பாலான கொம்பனிகளின் உத்தரவாதம் வாங்கின நாட்டோடு நின்றுவிடும். சுங்கத்தில் பில்லும் காட்ட வேண்டி வரும்.

ரொறொன்ரோ மாமாவும் லண்டன் சித்தியும் இதே கணக்குத்தான். அவர்கள் அன்பாக "என்ன வேணும் சொல்லு" என்று கேட்டால் போட் கேட்காதேங்கோ. ப்ரொசெசரோ றாமோ என்விஎம்இ டிஸ்க்கோ கேளுங்கோ. அவை சின்னன், பாரமில்லை, அரிதாகவே பழுதாகும். பழுதானால் சண்டை பிடிக்க ஆள் தேவைப்படுகிற பொருளை மட்டும் இங்கே வாங்குங்கோ.

5. பாவித்த போட் வாங்குவது பாவமில்லை. பார்க்காமல் வாங்குவதுதான் பிழை.

2022ஐ நினைத்துப் பாருங்கோ. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. புதுச் சாமான் கண்ணில் காட்டக்கூட இல்லை. அப்போது இந்தப் பக்கத்துப் பெட்டிகளை ஓட வைத்தது பாவித்த போட்டுகள்தான். இன்றைக்கும் அதில் நல்லது கிடைக்கும்.

படத்தைப் பார்த்து வாங்காதேங்கோ. நேரே போய், பூட்டி ஓடுகிற நிலையில் பாருங்கோ. அரை மணித்தியாலமாவது ஒரு விளையாட்டைப் போட்டுப் பாருங்கோ. பிறகு ப்ரொசெசரைக் கழற்றச் சொல்லி, இன்டெல் போட் என்றால் சொக்கெட்டின் ஊசிகளைப் போன் லைற்றைச் சரித்து அடித்துப் பாருங்கோ. எல்லா ஊசியும் ஒரே சாய்வில் மினுங்க வேண்டும். ஒன்று மட்டும் வேறு பக்கம் மினுங்கினால் அது வளைந்திருக்கிறது, வேண்டாம். ஏஎம்4இல் ஊசி ப்ரொசெசரில் இருக்கும், சோதனை இன்னும் சுலபம். போட்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கோ, புதிதாக ஈயம் வைத்த பளபளப்பு இருந்தால் திருத்தின போட். யூஎஸ்பி துவாரங்களின் தகரம் துருவேறி இருந்தால் அது எங்களைப் போல ஒரு கரையோர வீட்டில் இருந்து வந்தது. விலை எவ்வளவு குறைந்தாலும் எடுக்க வேண்டாம். உள்ளே என்ன நடந்திருக்கும் என்பதை அந்தத் தகரம் சொல்கிறது.

பிள்ளையளுக்குத் தெரியாத இன்னொன்று: வலோரன்ற் மாதிரியான விளையாட்டுகளில் களவாக விளையாடிப் பிடிபட்டவனின் கணக்கை மட்டுமில்லை, அவன் பெட்டியையும் தடை செய்வார்கள். அந்தப் போட் உங்கள் கைக்கு வந்தால் அவன் செய்ததற்கு நீங்கள் வெளியே நிற்பீர்கள். வாங்குமுன் அதே போட்டில் அந்த விளையாட்டுக்குள் நுழைந்து பாருங்கோ.

சீனாவில் இருந்து புதுப் பெட்டியில் வருகிற 'எக்ஸ்99', 'பி85' போட்டுகளும் இருக்கின்றன. பழைய போட்டுகளில் இருந்து கழற்றின சிப்பை வைத்துப் புதுப் பலகையில் செய்தவை அவற்றில் பல. மேலே எழுதியிருக்கிற சிப்பும் உள்ளே இருக்கிற சிப்பும் ஒன்றாக இருக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. அந்தக் கொம்பனியின் தளத்தில் பயோஸ் தேடினால் கிடைக்காது. பழைய ப்ரொசெசருக்கு வேறு வழியே இல்லாத ஏழைப் பிள்ளை எடுக்கலாம். மற்றவர்கள் விலகி நில்லுங்கோ.

6. ப்ரொசெசருக்குக் கரண்ட் கொடுக்கிற பகுதியைப் பாருங்கோ.

சொக்கெட்டைச் சுற்றி இருக்கிற சதுரச் சதுரமான சுருள்களும் அவற்றின் பக்கத்துச் சின்னக் கறுப்புச் சிப்புகளும்தான் 12 வோல்ற்றை ஒரு வோல்ற் அளவுக்குக் குறைத்து ப்ரொசெசருக்கு ஊட்டுகின்றன. வேலை கூடக் கூட அவை கொதிக்கும். அவற்றின் மேல் அலுமினியத் துண்டு இருக்கிறதா என்று பாருங்கோ. ஐ5-12400 உச்சத்தில் 117 வாட் இழுக்கும். மலிவான எச்610 போட் அதைத் தாங்கும். ஐ7-12700 உச்சத்தில் 180 வாட். அதை அலுமினியம் இல்லாத போட்டில் போட்டு, ஏசி இல்லாத அறையில், வைகாசி வெயிலில் இரண்டு மணித்தியாலம் விளையாடினால் போட் தன்னைக் காப்பாற்ற ப்ரொசெசரின் வேகத்தைக் குறைக்கும். நீங்கள் கிராபிக்ஸ் கார்ட்டைத் திட்டுவீர்கள். குளிர் நாட்டில் இருந்து சோதித்துச் சொல்கிற எண்ணிக்கையில் எங்கள் மத்தியான வெப்பம் சேர்ந்திருக்காது. ஒரு படி மேலான போட்டை எடுங்கோ, அதாவது எச் வரிசையை விட்டு பி வரிசை. அதற்கு மேலே இசட் வரிசைக்குப் போவது ஓவர்குளொக் பண்ணுகிறவருக்கு மட்டும்.

7. உப்பு.

கடல் காற்றில் வருகிற உப்பு போட்டில் தூசியோடு சேர்ந்து படியும். காய்ந்து கிடக்கும்வரை அதனால் பெரிய கெடுதல் இல்லை. காற்றில் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டும்போது கறியுப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையும். அந்த ஈரம் கரண்ட் கடத்தும், செம்பை அரிக்கும். ஐப்பசியில் மாரி தொடங்கினால் தை வரைக்கும் எங்கள் காற்று அந்த அளவுக்கு மேலேதான் நிற்கும். மூடி வைத்திருந்து மாரியில் ஓன் பண்ணின பெட்டிகள் சாகிற காரணம் இதுதான்.

ஆகவே பெட்டியை வடக்கு ஜன்னலுக்குக் கீழே வைக்காதேங்கோ. மாரிக்காலத்தில் பரீட்சை என்று விளையாட்டை நிறுத்தினாலும் நாளுக்கு ஒரு தரம் ஓன் பண்ணிச் சூடேற விடுங்கோ, அந்தச் சூடு ஈரத்தை விரட்டும். காற்று உள்ளே போகிற பக்கத்துக்கு வலை போடுங்கோ, வலையை மாதம் ஒருக்கால் கழுவுங்கோ. தூசி தட்ட மெல்லிய தூரிகையும் கை புளோயரும் போதும். பெற்றோல் ஷெட்டில் ரயருக்குக் காற்றடிக்கிற இடத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகாதேங்கோ, அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் வரும். றாமின் பொன் கால்களை அழிறப்பரால் தேய்க்கிற பழக்கம் எல்லாருக்கும் உண்டு. ஐசோபுரோப்பைல் அற்ககோலும் ஒரு துணியும் அதைவிட நல்லது, பொன் பூச்சு தேயாது.

போட் தெரிவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. பின்பக்கத் தகரம் போட்டோடு சேர்ந்தே வருகிற மாதிரியும், றாம், கிராபிக்ஸ் துளைகளில் நல்ல பூச்சு உள்ளதும் இங்கே நீடிக்கும். பாவிக்காத துளைகளுக்குப் பிளாஸ்ரிக் மூடி வந்தால் அதை எறியாமல் பூட்டியே வையுங்கோ.

8. கரண்டும் எர்த்தும்.

குடாநாட்டுக்கு அடியில் கிடப்பது சுண்ணாம்புக் கல். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இங்கே வந்தது இந்தக் கல்லுக்காக. கீரிமலைக் கேணியில் கடலோரத்திலேயே நன்னீர் ஊறுவதும் இந்தக் கல்லின் வெடிப்புகளால்தான். மேலே மண் மெல்லிய படைதான், அதனால் எர்த் கம்பி ஆழமாக இறங்காது. கோடையில் மண் காய்ந்தால் எர்த் பெயருக்குத்தான் இருக்கும். 1990இல் இடம்பெயர்ந்து, போர் முடிந்த பிறகு காணி விடுபட விடுபடத் திரும்பி வந்து கட்டின வீடுகளில் அவசரத்துக்கு வயரிங் செய்ததும் உண்டு.

வெறுங்காலோடு நின்று பெட்டியின் இரும்பைத் தொட்டால் மெல்லிய சுரீர் தெரிகிறதா? எர்த் இல்லை என்று பொருள். எர்த் இல்லாத பெட்டியின் உடல், மிகச் சிறிய கரண்டில்தான் என்றாலும், நூறு வோல்ற்றுக்கு மேலே மிதந்துகொண்டிருக்கும். அந்த நிலையில் ரீவியின் எச்டிஎம்ஐ வயரைச் சொருகும் கணத்தில் போட்டின் துவாரமோ கிராபிக்ஸ் கார்ட்டின் துவாரமோ போகலாம். புதுப் போட் பூட்டுமுன் ஒரு மின் வேலைக்காரரைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிப்பியுங்கோ. குழியைப் பெரிதாக வெட்டி, கரி போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றி வைப்பது பழைய முறை, இன்றைக்கும் பலிக்கும்.

கரண்ட் போகும்போது போட் சாவது குறைவு. வரும்போதுதான் சாகும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள், அந்தக் காலத்தில் போன போட்டுகளுக்குக் கணக்கில்லை. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடே இருண்டது என்று அமைச்சரே சொன்னார். குரங்கைத் தடுக்க உங்களால் முடியாது, யூபிஎஸ் வைக்க முடியும். 650 விஏ என்று எழுதியிருப்பது ஏறத்தாழ 360 வாட்தான், கேமிங் பெட்டிக்கு அது காணாது. கிராபிக்ஸ் கார்ட்டின் அளவைப் பார்த்துப் பெரிதாக எடுங்கோ. பயோஸ் அப்டேற் பண்ணும் வேலையை யூபிஎஸ் இல்லாமல் செய்யவே வேண்டாம்.

சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி கேட்டால் பிளக்கைக் கழற்றுங்கோ, லேன் வயரையும் கழற்றுங்கோ. "எங்கட வீட்டில பைபர்" என்று சொல்கிறீர்கள். பைபர் மின்னலைக் கொண்டு வராது, ஆனால் ரவுட்டரின் அடப்டர் சுவரில் இருந்துதானே கரண்ட் எடுக்கிறது? அந்த வழியால் வந்து லேன் வயரில் ஏறும்.

9. அளவு.

ஏரிஎக்ஸ் 305க்கு 244 மில்லிமீற்றர், மைக்ரோ ஏரிஎக்ஸ் 244க்கு 244, மினி ஐரிஎக்ஸ் 170க்கு 170. பெரிய பெட்டியில் சின்னப் போட் போகும், சின்னப் பெட்டியில் பெரிய போட் போகாது. பழைய அலுவலகக் கொம்பனிப் பெட்டியை வைத்துக் கட்டினவர்கள் கவனம்: அவற்றில் திருகாணி இடமும் பவர் வயரின் காலும் பலதில் வேறு. போட்டோடு பெட்டியும் சப்ளையும் மாற வேண்டி வரும்.

10. கிராபிக்ஸ் துளை.

நீளமான துளை எல்லாம் முழுத் துளை இல்லை. மேலே உள்ளதுதான் 16 பாதையும் உள்ளது, கீழே உள்ளது பார்வைக்கு அதே நீளம், உள்ளே பெரும்பாலும் 4 பாதைதான். கிராபிக்ஸ் கார்ட்டுக்கு எப்போதும் மேல் துளை. பிசிஐ 3.0 போதுமா 4.0 வேண்டுமா என்று தலையைப் பிய்க்க வேண்டாம், பெரிய கார்ட்டுகளில் வித்தியாசம் சொற்பம். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்ரி மாதிரி 4 பாதை மட்டும் பாவிக்கிற கார்ட் வைத்திருந்தால்தான் 4.0 போட் தேவை, 3.0இல் அது நன்றாகவே நொண்டும். எம்.2 டிஸ்க் போட்டால் எந்த சாட்டா துவாரம் செயலிழக்கும் என்பது போட்டின் கைநூலில் இருக்கும். இரண்டு மூன்று டிஸ்க் வைத்திருப்பவர் அதை வாங்குமுன் வாசியுங்கோ.

11. பழைய போட்டைக் கழற்றுமுன் விண்டோஸின் சாவியை எடுங்கோ.

விண்டோஸ் 11இல் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கலாம். திறக்கிற இரகசியம் பழைய போட்டிலோ ப்ரொசெசரிலோ உள்ள ரிபிஎம் பகுதியில் இருக்கும். போட் மாறினதும் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது உங்கள் மைக்ரோசொஃப்ற் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், போனில் போய்ப் பார்த்து எழுதி வையுங்கோ. அது இல்லாவிட்டால் அண்ணாவின் கலியாணப் படமும் இல்லை. போட்டோடு ஒட்டின விண்டோஸ் உரிமம் புதுப் போட்டுக்கு வராது, தனியாகக் காசு கொடுத்து வாங்கினது வரும். விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. வலோரன்றும் விண்டோஸ் 11இல் ரிபிஎம் 2.0, செக்கியூர் பூட் இரண்டையும் கேட்கும். ஆகவே ரிபிஎம் இல்லாத போட்டை இனி வாங்க வேண்டாம்.

12. கலர் லைற்றுக்குக் கொடுக்கிற காசில் யூபிஎஸ் வாங்கலாம். வைஃபை இல்லாத போட் மலிவாகக் கிடைத்தால் எடுங்கோ, யூஎஸ்பி வைஃபை பிறகு வாங்கலாம்.

13. பூட்டுமுன் வெளியே ஓட்டிப் பாருங்கோ.

போட் வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே வைத்து, ப்ரொசெசர், கூலர், ஒரு றாம், தேவையென்றால் கிராபிக்ஸ் கார்ட், 24 கால் வயர், ப்ரொசெசருக்கான 8 கால் வயர் மட்டும் போட்டு, பவர் பொத்தானுக்கான ஊசி இரண்டையும் ஸ்குறூட்றைவர் நுனியால் ஒரு கணம் தொட்டு விடுங்கோ. படம் வந்தால் மட்டும் பெட்டிக்குள் ஏற்றுங்கோ. பழைய பெட்டியில் போட்டைத் தாங்குகிற பித்தளைக் கால்கள் புதுப் போட்டின் ஓட்டைகளுக்கு நேரே இருக்க வேண்டும். ஒன்று கூடுதலாக நின்றால் அது பின்பக்கத்தில் முட்டி ஷோட் ஆகும். கழற்றிப் பூட்டுகிற வயர் உள்ள பவர் சப்ளைகளில் ஒரு கொம்பனி வயரை இன்னொரு கொம்பனி சப்ளையில் சொருகாதேங்கோ. தலை பொருந்தும், உள்ளே கால் ஒழுங்கு வேறு. சொக்கெட் மேலே வந்த பிளாஸ்ரிக் மூடியைப் பத்திரமாக வையுங்கோ, உத்தரவாதத்துக்கு அனுப்பும்போது அது இல்லாமல் வாங்க மாட்டார்கள்.

14. முதல் கிழமை.

கடைக்காரர் மாற்றித் தருகிற நாட்கள் சிலதான், அதற்குள் போட்டின் ஒவ்வொரு துவாரத்தையும் சோதித்து முடியுங்கோ. எல்லா றாம் துளையிலும் றாமை மாற்றிப் போட்டுப் பாருங்கோ. ஒவ்வொரு யூஎஸ்பியிலும் பென் போட்டுப் பாருங்கோ. முன்பக்க ஹெட்போன், பின்பக்க மைக், லேன், எம்.2 துளை, விசிறித் துளை, ஒன்றையும் விடாதேங்கோ. இன்றைக்குத் தேவையில்லாத துளைதான் மூன்று மாதத்துக்குப் பிறகு தேவைப்படும், அன்றைக்குச் சொன்னால் "நீர்தான் உடைச்சிருப்பீர்" என்பார்கள். பயோஸில் றாமின் வேகம் குறைவாகத்தான் நிற்கும், எக்ஸ்எம்பியை ஓன் பண்ணி ஒரு இரவு மெமரி சோதனை ஓட விடுங்கோ. பில்லையும் போட்டின் சீரியல் நம்பரையும் படமெடுத்து உங்களுக்கே ஒரு மெயில் போட்டு வையுங்கோ, வெப்பத்தாளில் அடித்த பில் இந்த ஊர்ச் சூட்டில் ஆறு மாதத்தில் வெளிறிவிடும்.